கொசுவே கோச்சுக்காதே

போன வாரம் எங்கள் தெருவுக்குள் வெங்காய வண்டி வந்தது. இப்போதெல்லாம் வண்டிக்காரர் வாயைத் திறப்பதில்லை. பதிவு செய்த குரல் கத்துகிறது, அவர் பாட்டுக்கு போன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். வெங்காயத்துக்காக இல்லை. அந்தப் பதிவில் பேசும் பெண், 'வாங்கம்மா வாங்க' என்பதற்கு முன்னால் ஒரு மூச்சு இழுக்கிறாள். அந்த மூச்சை யாரும் வெட்டி எடுக்கவில்லை. தெருத் தெருவாக அவள் மூச்சும் வெங்காயத்தோடு சேர்ந்து போய்க்கொண்டிருக்கிறது. ரஹீம் பாயாக இருந்தால் அந்த ஒரு மூச்சுக்காக ஏழு தடவை திரும்பப் பேச வைத்திருப்பார்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். தொண்ணூறுகளில் திருவண்ணாமலையில் விளம்பர ஆட்டோக்களில் கேட்ட பெண் குரல் நான்தான். ஊர் மாவட்டத் தலைநகரமாகி, கடைகள் மளமளவென்று முளைத்த சமயம். நீங்கள் அப்போது எங்கள் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியிருந்தால் முதலில் உங்களை வரவேற்றிருப்பது நான்தான். அண்ணாமலையார் அதற்கு அப்புறம்தான். 'வருக வருக' என்று ஆரம்பித்து ஜவுளி, கண்ணாடி, கட்டில், பல்பொடி என்று நான் கூப்பிடாத கடை கிடையாது. ஊருக்கே என் குரல் தெரியும், முகம் ஒருவருக்கும் தெரியாது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் காபித் தட்டை நீட்டி, "எடுத்துக்கோங்க" என்றேன். பையனின் அம்மா, எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்றார். எங்கே என்று அவருக்குப் புரிந்த நிமிஷத்தோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது. பிற்பாடு எனக்கு வாய்த்தவருக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம். ஜோசியர் பார்க்காத பொருத்தம் அது.

ரஹீம் பாயின் ஆடியோ கடை திருவூடல் தெருவில் இருந்தது. மாட்டுப் பொங்கலன்று சாமியும் அம்பாளும் ஊர் பார்க்கச் சண்டை போட்டுக்கொள்ளும் தெரு. கடையில் முன்பக்கம் கேசட் விற்பனை, பின்பக்கம் ஒரு சின்ன அறையில் ஒலிப்பதிவு. டேப் டெக்கைத் துடைக்கிற ஸ்பிரிட், ஊதுபத்தி, எதிரொலிக்காமல் இருக்கச் சுவரில் ஒட்டியிருந்த முட்டை அட்டைகளின் ஈர வாடை மூன்றும் கலந்த ஒரு மணம் அங்கே. ஆஸ்பத்திரியில் ஊசி போடும் முன் நர்ஸ் கையில் ஸ்பிரிட் தேய்த்தால் இன்றைக்கும் எனக்கு வாய் தானாகத் திறந்து 'வருக வருக' என்று வரப் பார்க்கிறது.

அந்த முட்டை அட்டைகளால் பாடுபட்டவர் தரணேந்திரன் சார். கீழ்பென்னாத்தூரில் அரசாங்க விதைக் கிடங்கில் எழுத்தர். போளூர்ப் பக்கம் பூர்வீகம், தமிழ்ச் சமணக் குடும்பம். அவர்களுக்கு நயினார் என்று பட்டம், அதனால் பாய் அவரை நயினாரே என்றுதான் கூப்பிடுவார். எறும்பைக்கூட மிதிக்காமல் நடக்கிறவரை முட்டை அட்டை ஒட்டிய அறைக்குள் உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? முதல் நாள் வாசலிலேயே நின்றுவிட்டார். "அட்டதான் நயினாரே, முட்ட இல்ல" என்று பாய் சத்தியம் செய்து உள்ளே அழைத்துவந்தார்.

நயினார்தான் எங்கள் விளம்பரங்களுக்குப் பாட்டு எழுதுகிறவர். இது ஊரில் யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. ஏனென்றால் அவர் உண்மையில் ஒரு காவியம் எழுதிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் துறந்து போன ஒரு வணிகனின் கதை, முழுக்க வெண்பாவில், பதினொரு வருஷமாக. காவியக் கவிஞர் பல்பொடிக்கும் பாட்டெழுதுகிறார் என்று அவருடைய ஆட்களுக்குத் தெரிந்தால் என்ன ஆவது? எலி மருந்துக்கும் கொசுவத்திக்கும் எழுத மாட்டேன் என்று வேறு சொல்லிவிட்டார். உயிரைக் கொல்கிற சரக்குக்கு என் பேனா வராது என்பார். கொசுவலைக் கடைக்காரர் வந்தபோது மட்டும் கொஞ்சம் யோசித்தார். வலை யாரையும் கொல்வதில்லையே. பாயின் பில் புத்தகத்துக்குப் பின்பக்கம் பத்து நிமிஷத்தில் எழுதிக் கொடுத்தார்.

கொசுவே கொசுவே கோச்சுக்காதே
உன் பசி எனக்குத் தெரியாதா
வலைக்கு அந்தப் பக்கம் நீ
வலைக்கு இந்தப் பக்கம் நான்
விடியட்டும் பேசிக்கலாம்

நான் இதைத் துள்ளலாகப் பாடினேன். பாய் கீபோர்டில் டொய்ங் டொய்ங் என்று கொசு பறக்கிற சத்தம் கொடுத்தார். இன்னும் இரண்டைச் சொல்கிறேன். கண்ணாடிக் கடைக்கு, 'தூரத்தில வர்றது யாருன்னு தெரிஞ்சா தெருவ மாத்திக்கலாமே' என்று எழுதினார். லாட்ஜுக்கு எழுதியது, 'மலை சுத்தி வந்த காலுக்குக் கட்டில் இருக்கு, சுத்தாம வந்தாலும் கட்டில் இருக்கு, எதுக்கு வந்தேன்னு கேக்க மாட்டோம்' என்று முடியும். அந்தக் கடைசி வரி தன் பெருந்தன்மையைச் சொல்கிறது என்று லாட்ஜ்காரர் நினைத்துக்கொண்டார். ஊர் வேறு மாதிரி நினைத்துக்கொண்டது. நயினார் என்ன நினைத்து எழுதினார் என்பதைக் கேட்க எனக்கு அந்த வயதில் தைரியம் இல்லை.

இந்தக் கொசுப் பாட்டைப் போட்டுக்கொண்டு ஆட்டோ மாட வீதியைச் சுற்றிய ஒரு பிற்பகலில், தாடியும் ஜடையுமாக ஒரு சாமியார் துரத்திக்கொண்டு வருகிறார் என்று டிரைவர் பயந்துபோய் வண்டியை நேராகக் கடைக்கே ஓட்டிவந்துவிட்டார். பின்னாலேயே சாமியாரும் வந்தார். மூச்சு வாங்கியது. பையிலிருந்து பீடியை எடுத்துப் பற்றவைத்துக்கொண்டு, "இந்தப் பாட்ட எழுதினது யாரு மேன்?" என்றார்.

பாடியது யார் என்று கேட்பார் என நான் பாவாடையைச் சரிசெய்துகொண்டு தயாராக நின்றிருந்தேன். அதை அவர் கேட்கவே இல்லை.

அவர் பெயர் ஸ்டான்லி. சாமியார் இல்லை, ராக் பாடகர். ஜோலார்பேட்டை ரயில்வே காலனியில் பிறந்தவர், அப்பா எஞ்சின் டிரைவர். பெங்களூர் ஓட்டல்களிலும் தங்கவயல் கிளப்புகளிலும் இருபத்தைந்து வருஷம் இங்கிலீஷ் பாட்டுப் பாடியவர். ஓட்டல்களில் பாடகரை நிறுத்திவிட்டுக் கலர் லைட்டையும் கேசட்டையும் போட ஆரம்பித்ததும் வேலை போயிற்று. எங்கள் ஊரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த அக்கா, வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை கொடுத்தார். ஞானம் தேடி வந்தவர்களுக்கு நடுவில், வாடகை இல்லாத ரூம் தேடி வந்த ஒரே ஆள் அவர்தான்.

ஆனால் அந்த முடியையும் தாடியையும் வைத்துக்கொண்டு எங்கள் ஊரில் யாரும் சும்மா நடந்துவிட முடியாது. டீக்கடையில் நின்றால் காலில் விழுவார்கள். மடியில் வாழைப்பழம் வைத்துவிட்டுப் போவார்கள். செங்கம் ரோட்டில் ஒரு வெள்ளைக்காரர் அவரை நிறுத்தி, நீங்கள் யார் என்று கேட்டாராம். ஸ்டான்லி சார் உள்ளபடியே, "அது எனக்கே தெரியல" என்று இங்கிலீஷில் சொன்னாராம். அந்த ஆள் கண்ணில் தண்ணீர் வந்து, மூன்று நாள் பின்னாலேயே சுற்றினாராம். பழங்களை அவர் திருப்பிக் கொடுப்பதில்லை. அக்காவுக்கு மலச்சிக்கல், உபயோகப்படும் என்பார்.

அவருக்கு என்ன வேண்டும் என்பதை மெல்லத்தான் சொன்னார். அவர் பாடி இதுவரை ஒரு கேசட்கூட வந்ததில்லை. "இருவத்தஞ்சு வருஷமா வேற ஆளுங்க கொரல்லயே பாடிட்டேன். யார் மாதிரி கேட்டாலும் பாடுவேன். என்ன மாதிரி பாடுன்னு யாரும் கேட்டதே இல்ல." தொண்டையும் இன்னும் ரொம்ப நாள் தாங்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இந்த ஆட்டோப் பாட்டுகளையெல்லாம் சேர்த்து ஒரு கேசட்டாகப் பாட வேண்டும். வேறு எந்தப் பாட்டும் வேண்டாம். இவைதான்.

பாய் அவரை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். ஆனால் அவருக்கும் ஒரு ஆசை. கடை வைத்த நாளிலிருந்து அடுத்தவன் கேசட்டை விற்றுக்கொண்டிருந்தவருக்கு, தன் கடைப் பெயர் போட்டு ஒன்று வர வேண்டுமென்று மனதில் இருந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நயினார் வந்ததும் விஷயத்தைச் சொன்னார்.

நயினார் முதலில் ஸ்டான்லி சாரைக் கையெடுத்துக் கும்பிட்டார். துறவி என்று நினைத்துவிட்டார் பாவம். பீடி வாசனை வந்ததும் கையை இறக்கினார். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுருங்கிப்போயிற்று. இவையெல்லாம் பாட்டே இல்லை, விதை மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்து கிறுக்கியது என்றார். ஸ்டான்லி சார் விடவில்லை. பேச்சுவார்த்தை நான்கு ஞாயிறு நடந்தது. கடைசியில் நயினார் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். கேசட்டின் முதல் பக்கம் ஆட்டோப் பாட்டுகள் இருக்கட்டும். மறுபக்கம் காவியத்திலிருந்து வெண்பாக்கள் வர வேண்டும். அட்டையில் பெயர் போடுவதென்றால் வெண்பாக்களுக்கு மட்டும்தான்.

பதிவு முழுக்கப் பகலில்தான். நயினார் பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார். அஞ்சு மணி கீழ்பென்னாத்தூர் பஸ்ஸை விட்டால் அன்றைக்குப் பட்டினி. ஸ்டான்லி சார் அஞ்சு கம்பியோடு ஒரு கிட்டார் கொண்டுவந்தார். ஆறாவது கம்பி பெங்களூரில் போய்விட்டதாம், அதற்கப்புறம் அது தேவைப்படவில்லையாம். பாய் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துத் தாளம் போட்டார். அவ்வளவுதான் எங்கள் வாத்திய கோஷ்டி. கோயில் ஒலிபெருக்கி ஓய்கிற நேரம், பஸ் ஹாரன் கம்மியாகிற நேரம் எல்லாம் பார்த்து, மதியம் இரண்டு மணிவாக்கில் ஆரம்பிப்போம்.

ஸ்டான்லி சாருக்குத் தமிழ் பேச வருமே தவிர எழுதப் படிக்க வராது. நான் ஒவ்வொரு பாட்டாகச் சொல்லச் சொல்ல இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக்கொண்டார். முதலில் என்னைக் கொசுப் பாட்டைப் பாடிக் காட்டச் சொன்னார். நான் வழக்கம்போல் துள்ளிக் குதித்துப் பாடினேன். கேட்டுவிட்டு, நல்லா இருக்கு, இப்போ அதைப் படுக்கப்போட்டுப் பாடலாம் என்றார்.

அவர் பாட ஆரம்பித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி குரல். அதிலும் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு ஆள் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வரலாம், அத்தனை நிதானம். 'உன் பசி எனக்குத் தெரியாதா' என்ற இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. வலைக்கு அந்தப் பக்கம் இருப்பது கொசுவாகவே தெரியவில்லை. வீட்டைவிட்டு அனுப்பிவிட்ட யாரோ ஒரு மனுஷியிடம், கதவைத் திறக்கவும் முடியாமல் போகச் சொல்லவும் முடியாமல் ஒருவன் பேசிக்கொண்டிருந்தான். பாயின் கை டின் மேல் அப்படியே நின்றுவிட்டது. தாளம் இல்லாமலே பாட்டு முடிந்தது. முடிந்த பிறகும் டெக்கை நிறுத்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

நயினார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் இப்படி எழுதலையே" என்றார். அது புகாரா, ஆச்சரியமா என்று எனக்கு இன்னும் தெரியாது.

ஒன்பது பாட்டு இப்படிப் போயிற்று. கண்ணாடிக் கடைப் பாட்டில் மட்டும் ஸ்டான்லி சார் மேஜையைத் தட்டி ஆட்டம் போட்டார். மாமியாரைக் கண்டு தெரு மாறுகிற மருமகளுக்காக என்னையும் சேர்ந்து பாடவிட்டார். என் வாழ்க்கையில் நான் பாடிய ஒரே ராக் பாட்டு அதுதான். அதற்குள் எனக்கு ரொம்பத் தலைக்கனம் ஏறி, வீட்டில் குழம்பில் உப்புக் கம்மி என்றவர்களிடம், நான் பாடகி என்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிறகு மறுபக்கத்தின் முறை வந்தது. நயினார் அன்றைக்கு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். காவியத்திலிருந்து பத்து வெண்பாக்களைத் தேர்ந்தெடுத்து, பதம் பிரித்து, நல்ல தாளில் எழுதிவந்திருந்தார். ஸ்டான்லி சார் பீடியை வெளியிலேயே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். முதல் வெண்பாவை எடுத்தார். வேகமாகப் பாடிப் பார்த்தார். மெதுவாகப் பாடினார். கிட்டார் இல்லாமல், டின் இல்லாமல், கண்ணை மூடி, நின்றுகொண்டு எல்லாம் பாடிப் பார்த்தார். பாய் நாடாவைத் திரும்பத் திரும்பப் பின்னால் சுற்றினார். மூன்று மணி ஆயிற்று, நாலு ஆயிற்று. நயினாரின் வேட்டி முழுக்க வியர்வை.

கடைசியில் ஸ்டான்லி சார் தாளைக் கீழே வைத்தார். "நயினார், இதுக்குள்ள ஆளே இல்ல மேன். கொசுப் பாட்டுல ரெண்டு பேர் இருக்காங்க."

பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அவர் பெங்களூரிலேயே ஓரளவு நன்றாக இருந்திருப்பார். நயினார் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஓரம் சேர்த்து, பைக்குள் வைத்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது எங்களைப் பார்க்காமலே, "இனிமே எம் பாட்ட யாரும் பாட வேணாங்க" என்று மட்டும் சொன்னார்.

அதோடு நின்றுபோயிற்று. ஆட்டோ விளம்பரத்துக்குக்கூட அவர் வரவில்லை. பாயே எழுத ஆரம்பித்து, 'சட்டை வாங்க வாங்க, சட்டென்று வாங்க' என்று என்னைப் பாட வைத்தார். அந்த நாட்களில் நான் வெளியே தலைகாட்டவில்லை. ஸ்டான்லி சார் தினமும் வந்து, சொல்லியிருக்கக் கூடாது என்பார். உடனே, ஆனால் உண்மைதானே என்பார். மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, போய் ஒரு வார்த்தை பேசிப் பார் என்று பாய் என்னைக் கீழ்பென்னாத்தூருக்கு அனுப்பினார்.

விதைக் கிடங்கில் மணிலாக் கடலை மூட்டைகளுக்கு நடுவில் ஒரு மேஜை. நயினார் என்னை உட்காரச் சொன்னார். பருப்பு வாசனையும் பூச்சி மருந்து வாசனையுமாக இருந்தது. மருந்து நெடிக்காக மூக்கில் கைக்குட்டையைக் கட்டியிருந்தவர் அதை இறக்கிவிட்டார். நான் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போன சமாதானம் எல்லாம் மறந்துபோய், பாய் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார் என்று உளறினேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"கொசுப் பாட்டு பத்து நிமிஷம்மா. காவியம் பதினோரு வருஷம். பத்து நிமிஷம்தான் நல்லாருக்குன்னா, அந்தப் பதினோரு வருஷம் நான் என்னா பண்ணிட்டிருந்தேன்?"

எனக்கு இருபத்துமூன்று வயது. எனக்கும் ஆடித் தள்ளுபடி பேசுவதற்கு ரெண்டு நிமிஷம்தான் சார் ஆகிறது என்றேன். அதைவிட அசட்டுத்தனமாக ஒரு மனுஷி ஆறுதல் சொல்லியிருக்க முடியாது. அவர் என்னையே பார்த்தார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து ஒரு அழைப்பிதழை எடுத்தார். அவருடைய ஊர் ஜினாலயத்தில் காவிய அரங்கேற்றம். நீயும் பாயும் வாங்க, அந்தப் பாடகரையும் கூட்டிவாங்க என்றார்.

போனோம். காலை பத்து மணிக்கு ஆரம்பித்தது. ஊர்ப் பெரியவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். நயினார் படித்தார், விளக்கம் சொன்னார், மறுபடி படித்தார். வணிகன் துறவு பூணுவதற்கே பன்னிரண்டு மணி ஆயிற்று. பந்தி போட்டார்கள். சாப்பாடு அருமை, வெங்காயம் பூண்டு எதுவும் இல்லாமல் அப்படி ஒரு கூட்டு நான் அதுவரை சாப்பிட்டதில்லை. அந்தச் சாப்பாட்டுக்கு மேல் காவியத்தின் இரண்டாம் பாகம் என்றால் யாரால் முடியும்? முன்வரிசை சாய்ந்தது. பாய் தூணில் தலையை வைத்துக் குறட்டையே விட்டார். நானும் தூங்கினேன், ஒப்புக்கொள்கிறேன். கண் விழித்தபோது நான் பார்த்தது இதுதான். மண்டபம் முழுக்க ஒரே ஒரு ஆள் நிமிர்ந்து உட்கார்ந்து, கையைக் கோத்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நயினாரும் அவர் ஒருவரைப் பார்த்துத்தான் படித்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் சால்வை, மாலை எல்லாம் போட்டார்கள். கூட்டம் கலைந்த பிறகு ஸ்டான்லி சார் நேராகப் போய், மதியத்துக்கு மேல் ஒரு வரி வந்ததே, எறும்பு வரி, அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். நயினார் புத்தகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"எறும்புக்கும் ஊருண்டு, ஏறாமல் போய்வா."

இது எத்தனை நிமிஷத்தில் எழுதியது என்று கேட்டார் ஸ்டான்லி சார். நயினார் கொஞ்சம் தயங்கினார். நான்கு மாதம் என்றார். ஏறாமல் என்ற சொல் கிடைக்கத்தான் அவ்வளவு நாள்.

"நாலு மாசத்துக்கு ஒரு வரி. பரவால்ல நயினார். எனக்கு இருவத்தஞ்சு வருஷத்துல அதுகூட இல்ல."

நயினார் மாலையைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் பல் தெரிய நான் பார்த்தது அன்றுதான்.

மறுபக்கத்தில் அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்டான்லி சார் எட்டு நிமிஷம் பாடினார். அதையே திரும்பத் திரும்ப, அதட்டலாக, கெஞ்சலாக, கடைசியில் வாய்க்குள்ளேயே. மிச்ச இடம் முழுக்க கிட்டார். கேசட்டுக்குப் பெயர் 'கொசுவே கோச்சுக்காதே'. அட்டையில் பாட்டு எழுதியவர் தரணேந்திரன் என்று எல்லாப் பாட்டுக்கும் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார் நயினார். அச்சகத்துக்காரர் தன் பங்குக்குத் 'தாரணேந்திரன்' என்று ஒரு கால் சேர்த்துக் கொடுத்தார்.

ஊர் ஜனங்கள் அந்தக் கேசட்டைச் சீண்டவில்லை. சளி பிடித்தவனை எதற்குப் பாட விட்டீர்கள் என்று கடை வாசலிலேயே கேட்டார்கள். கொசுவலைக் கடைக்காரர் மட்டும் வலை வாங்கினால் கேசட் இலவசம் என்று போட்டுப் பார்த்தார். வலை போதும் என்றார்களாம். பாய் சோர்ந்துபோய் மிச்சத்தை ஸ்டான்லி சாரிடம் கொடுத்துவிட்டார். அவர் செங்கம் ரோட்டில் ஆசிரமப் பக்கம் ஒரு காபிக்கடையில் வைத்தார். பத்தே நாளில் இன்னும் இருக்கிறதா என்று கேட்டு ஆள் வந்தது.

என்ன ஆயிற்று என்றால், அங்கே வந்து தங்கியிருக்கிறவர்கள் யாரிடமோ அர்த்தம் கேட்டு, அதை ஞானப் பாட்டு என்று முடிவு கட்டிவிட்டார்கள். வலைக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான், விடியட்டும் பேசிக்கலாம். வலை என்றால் மாயை, கொசு என்றால் ஜீவன், விடிந்தால் முக்தி. எதுக்கு வந்தேன்னு கேக்க மாட்டோம் என்ற லாட்ஜ் பாட்டைக் கேட்டு ஒரு வடநாட்டு அம்மாள் தேம்பினாளாம். ஒரு வெள்ளைக்காரப் பெண் நயினாரைத் தேடிக் கடைக்கே வந்து, அந்த வலை எது என்று கேட்டாள். நயினார் நேர்மையானவர். திருமஞ்சன கோபுரத் தெருவில் விற்கிற நைலான் வலை, டபுள் கட்டிலுக்கும் கிடைக்கும் என்று சொல்லி, என்னைவிட்டு இங்கிலீஷில் சொல்ல வைத்தார். அவள் கண்ணை மூடி, நெஞ்சில் கைவைத்துக்கொண்டு போனாள். அதற்கப்புறம் அவர் யாரையும் திருத்தவில்லை. ஆனால் எதற்காகவோ அடிக்கடி அந்தப் பக்கம் போய்க் காபிக்கடை பெஞ்சில் உட்கார ஆரம்பித்தார். ஸ்டான்லி சாரும் கூட இருப்பார். கேசட் ஓடும்.

இரண்டாயிரத்தில் ஸ்டான்லி சாரின் அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போனார். தம்பியும் கூடப் போக வேண்டியதாயிற்று. போகிற அன்று கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் படியில் நின்றபோதும் ஒரு கிழவி அவர் காலில் விழுந்தாள். ஆசீர்வாதம் செய்துவிட்டுத்தான் ஏறினார். மூன்று வருஷம் கழித்து அந்த அக்காவிடமிருந்து பாய்க்கு ஒரு கடிதம் வந்தது. ஸ்டான்லி சார் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

அப்போது எனக்குக் கல்யாணமாகிக் கையில் குழந்தை. நயினார் ஓய்வு பெற்றிருந்தார். பாய் கடையையே காலி பண்ணிக்கொண்டிருந்தார். சிடி வந்து, அடுத்து பாட்டு போனுக்குள் ஏறப்போகிறது என்று பேசிக்கொண்டிருந்த காலம். விளம்பர ஆட்டோக்களுக்குச் சென்னையிலிருந்தே பதிவு செய்த குரல் வர ஆரம்பித்துவிட்டது. அது என் குரலைவிட அழகு, மூச்சே விடாது. கொசுவலைக் கடை இருந்த இடத்தில் நகைக்கடை வந்திருந்தது. காபிக்கடையில் இருந்த கேசட் தேய்ந்து அறுந்துபோயிருந்தது. எங்கள் யாரிடமும் ஒரு பிரதி இல்லை, எல்லாவற்றையும் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டிருந்தோம். முதலில் பதிந்த மாஸ்டர் கேசட் இருக்குமே என்றார் பாய். பீரோவின் அடித்தட்டைக் கவிழ்த்துத் தேடி எடுத்தார்.

டெக்கில் போட்டதும் என் குரல் கேட்டது. வருக வருக, ஆடித் தள்ளுபடி, புடவை எடுத்தால் ஜாக்கெட் துணி இலவசம்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. சில வருஷம் முன்பு பாய் ஊரில் இல்லாத ஒரு நாள், காலிக் கேசட் கிடைக்காமல், லேபிள் உதிர்ந்துபோன ஒன்றை அந்தப் பீரோவிலிருந்து எடுத்தேன். மேலே எதுவும் பதியக் கூடாது என்பதற்காகக் கேசட்டின் பின்விளிம்பில் இருக்கும் பிளாஸ்டிக் காதுகளை உடைத்து வைத்திருந்தது. அந்த ஓட்டைகளில் காகிதத்தைத் திணித்து, நானேதான் பதிவுப் பொத்தானை அழுத்தினேன். அதையே திரும்பத் திரும்பப் பதிந்து, இரண்டு பக்கமும் ஓடட்டும் என்று திருப்பியும் போட்டேன். ஊர் முழுக்க என் தள்ளுபடி கேட்க வேண்டுமே.

யாரும் என்னைத் திட்டவில்லை. டெக்கை நிறுத்தவும் இல்லை. புடவைகள் எல்லாம் விற்று முடிந்து, நன்றி வணக்கம் சொல்லி, ஒரு டக் சத்தத்தோடு என் குரல் நின்றது. நாடா இன்னும் கொஞ்சம் இருந்தது. யாரோ இருமினார்கள். கிட்டாரில் ஒரு கம்பியை முறுக்கும் சத்தம்.

"பாய், அந்த ஃபேன நிறுத்துங்க. அதான் பாடுது, என்ன பாட விட மாட்டேங்குது."

அத்தோடு நாடா தீர்ந்தது.

மே மாதம். தெருவில் தார் இளகிக்கொண்டிருந்தது. நயினார் எழுந்து போய் சுவிட்சைத் தேடி ஃபேனை நிறுத்தினார். பாய் டெக்கின் பக்கம் தலையைக் குனிந்துகொண்டார். நான் குழந்தையை மடியில் அழுத்திக்கொண்டேன். அந்தப் புழுக்கத்தில், வேர்த்து ஒழுக, மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம்.